என் மகன் அடங்காப்பிடாரி அல்ல!



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, 'ஆட்டிசம் உள்ள என் ஐந்து வயது மகன் கண்டதை எல்லாம் வீசுகிறான், கடிக்கிறான், என்னால் முடியவில்லை' என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் நானே எழுதியது போல இருந்தது. அவருக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு இப்போது எட்டு வயது. சின்னவள் நான்கு வயதுப் பெண். என் கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். மாமனார், மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

மூத்தவனுக்கு மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பேச்சு வரவில்லை. அதைக் கூட மனசு ஏற்றுக்கொண்டது. அவனுடைய ஆத்திரத்தைத்தான் தாங்க முடியவில்லை. தரையில் விழுந்து தலையை மோதிக் கொள்வான். தடுக்கப் போனால் கையைக் கடிப்பான். அந்த வருடம் முழுக்க நான் முழுக்கை ஜாக்கெட்தான் போட்டேன். பார்க்கிறவர்கள் கேட்டால் என்னவென்று சொல்வது?

சொல்லாத பேச்சு இல்லை. "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா" என்றார்கள். "ரெண்டு போட்டா அடங்கிருவான்" என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "தடுப்பூசி போட்டதுதான் கண்ணு காரணம்" என்றார். அப்படிச் சொல்லி 1998ல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010ல் திரும்பப் பெற்றுக்கொண்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தாய்க்குப் பாசம் போதாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்களாம். அதுவும் தவறு என்று எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனால் அன்று நான் எல்லோர் சொன்னதையும் நம்பினேன். மந்திரித்தேன், கயிறு கட்டினேன், அடிக்கவும் செய்தேன்.

ஒருநாள் காலையில் சட்னி அரைத்துக் கொண்டிருந்தேன். திடீரென்று கத்தியபடி ஓடியவன், தவழ்ந்து கொண்டிருந்த தங்கச்சியைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அவள் நெற்றி நிலைப்படியில் மோதி ரத்தம் வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த தோசைக் கரண்டியால் அவனைத் தொடையில் நான்கைந்து தரம் அடித்துவிட்டேன்.

மறுநாள் சின்னவள் ஏதோ பசிக்கு அழுதாள். இவன் நேரே அடுப்படிக்குப் போனான். அந்தத் தோசைக் கரண்டியை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டுத் தொடையைக் காட்டிக்கொண்டு நின்றான்.

சகோதரிகளே, என் பிள்ளை கற்றுக் கொண்டது அதுதான். தங்கச்சி அழுதால் அம்மா அடிப்பாள். தள்ளக்கூடாது என்பதை அவன் கற்றுக்கொள்ளவே இல்லை. அன்று கரண்டியைக் கீழே போட்டவள்தான், இன்றுவரை அவனை நான் கை நீட்டியதில்லை.

அந்த வாரமே சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் ஒருவரிடம் போய் அழுதேன். அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்கம்மா" என்றார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது? அவன் என்ன செய்தான்? அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? மணியோடு எழுதச் சொன்னார். 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஆனால் எழுதினேன். இரண்டு வாரத்தில் 23 தரம் எழுதியிருந்தேன். அதில் 14 தரம் காலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள்! குக்கர் விசில், மிக்ஸி, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் சேர்ந்து சத்தம் போடுகிற நேரம். நமக்குச் சாதாரணமாகக் கேட்கிற சத்தம் இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காதுக்குள் ஊசி குத்துவது போல இருக்குமாம். தங்கச்சியைத் தள்ளிய அன்றும் மிக்ஸிதான் ஓடிக் கொண்டிருந்தது. அவன் அவளை அடிக்க ஓடவில்லை. சத்தத்துக்குப் பயந்து தப்பித்து ஓடியிருக்கிறான், வழியில் அவள் இருந்திருக்கிறாள்.

இப்போது சட்னியை அவன் எழுவதற்கு முன்பே அரைத்து வைத்துவிடுகிறேன். குக்கர் வைக்கும் முன் குக்கர் படத்தைக் காட்டினால், தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். காலைச் சண்டை பாதிக்கு மேல் குறைந்தது.

மீதியையும் நோட்டே காட்டிக் கொடுத்தது. வழக்கமான தெருவை விட்டு வேறு தெரு வழியாகப் போனால் கத்தல். இதற்கு டீச்சர் படங்களைச் சுவரில் ஒட்டச் சொன்னார். பல் விளக்குவது, குளிப்பது, சாப்பிடுவது, பள்ளிக்கூடம் என்று வரிசையாக. எதையாவது மாற்றப் போகிறோம் என்றால் படத்தை முன்னாலேயே மாற்றிக் காட்டிவிட வேண்டும். "முதலில் குளியல், பிறகு ஊஞ்சல்" என்று இரண்டே வார்த்தையில் சொல்ல வேண்டும்.

அடுத்து கடை. கடையைப் பார்த்ததும் பிஸ்கட்டுக்காகப் புரள்வான். மானம் போகிறதே என்று நானும் வாங்கித் தந்துவிடுவேன். மூன்றாவது கட்டத்தில் வரிக்கு வரி 'பிஸ்கட் கொடுத்தேன்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது! கத்தினால் கிடைக்கும் என்று அவனுக்குப் பாடம் நடத்தியதே நான்தான்.

டீச்சர் ஒரு பிஸ்கட் படத்தை அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். அட்டையை நீட்டினால் உடனே பிஸ்கட், கத்தினால் கிடையாது. "முதல் சில நாள் இன்னும் ஜாஸ்தியா கத்துவான், பயந்து குடுத்துறாதீங்க" என்று முன்பே எச்சரித்தார். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, அப்படி மூன்றாம் நாள் தெருவே கூடிவிட்டது. என் மாமியார் மனசு கேட்காமல் முந்தானைக்குள் மறைத்து பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுமுறை டீச்சரிடம் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். "ஒருத்தர் மறுத்து இன்னொருத்தர் குடுத்தா, இன்னும் பலமா கத்துனா கெடைக்கும்னுதான் அவன் நெனைப்பான் பாட்டி" என்று டீச்சர் விளக்கினார். அன்றிலிருந்து அட்டை இல்லாமல் அத்தை கையிலிருந்து பிஸ்கட் நகராது!

ஆனால் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். எல்லாக் கத்தலும் பிடிவாதம் அல்ல. ஏதாவது வேண்டும் என்று கத்தும்போது நம்மை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கத்துவான், பொருள் கிடைத்ததும் நிறுத்திவிடுவான். சத்தமும் கூட்டமும் தாங்க முடியாமல் கத்தும்போது, எதைக் கொடுத்தாலும் நிறுத்த மாட்டான். அவனாலேயே நிறுத்த முடியாது. அப்போது புத்தி சொல்லக் கூடாது, மிரட்டக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. நான் விளக்கையும் டி.வி.யையும் அணைத்துவிடுவேன். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தலைக்குக் கீழே தலையணையை வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிப் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அடங்கியபின் தண்ணீர் கொடுப்பேன். பாடம் எல்லாம் அப்புறம்தான்.

இன்னொன்று. போன வருடம் நன்றாக இருந்தவன் திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். படமும் அட்டையும் பலிக்கவில்லை. டாக்டரிடம் காட்டினால் கடைவாய்ப் பல் சொத்தை! வலிக்கிறது என்று சொல்ல வாய் இல்லாத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? பல், காது, மலச்சிக்கல், தூக்கம் இவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு மாத்திரை தேவைப்படலாம், அதை டாக்டர் முடிவு செய்யட்டும். யாரோ சொன்ன மருந்தை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சின்னவளையும் சொல்ல வேண்டும். "அண்ணன் காதைப் பொத்திக்கிட்டா நீ பாட்டிகிட்ட ஓடிறணும்" என்று பழக்கி வைத்திருக்கிறேன். அவனோடு அவளைத் தனியே விடுவதில்லை. தினமும் அரை மணி நேரம் அவளுக்கு மட்டும்.

அரசு உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது.

என் மகன் குணமாகிவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் வாரத்தில் ஓரிரு நாள் கத்தல் உண்டு. ஆனால் கடித்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் கெட்டிமேளம் தொடங்கும் நேரம், என் பையைத் துழாவி 'போதும்' அட்டையை எடுத்து என் கையில் வைத்தான். அன்று தோசைக் கரண்டியை வைத்த அதே கை! தாலி கட்டுவதைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டோம். மண்டப வாசலில் அவனை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

அந்தச் சகோதரிக்கு ஒரே வார்த்தை. நாளைக்கே ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமாவது பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு நீங்கள் தூங்குங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

மற்ற சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பஸ்ஸிலோ கடையிலோ ஒரு பிள்ளை புரண்டு அழுதால், வேடிக்கை பார்க்காமல் கொஞ்சம் வழி விடுங்கள். அந்தத் தாய்க்கு அதுவே பெரிய உதவி.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்.