சோறு ஒட்டுவதும் உதிர்வதும் ஏன்?



ஒரு வாரம் வாங்கின அரிசி உதிரி உதிரியாய் வேகுது; அடுத்த வாரம் வாங்கினது குழைஞ்சு போகுது. "தண்ணி கூடிப்போச்சு" என்று சோறு ஆக்கினவர் மேல் பழி போடுகிறோம். தண்ணீரும் ஒரு காரணம்தான். ஆனால் பாதி சங்கதி வயலிலேயே முடிவாகி விடுகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, உன்னிச்சை போன்ற குளங்களின் தண்ணீரில் நெல் விளையும் பூமி. அங்கே பால் பிடித்த கதிரில் ஒரு மணியை நசுக்கினால் வெள்ளையாய்ப் பால் வரும். இலை வெயிலில் ஆக்கிய சீனி, மணிக்குள் வந்து மாப்பொருளாக மாறுகிற நேரம் அது.

சீனியை மாவாக்குவது யார்? நொதியங்கள். கொழுந்து பறிக்க ஒருவர், நிறுக்க ஒருவர், அரைக்க ஒருவர் என்று நாம் வேலை பிரிப்பது போல, இவையும் பிரித்துச் செய்கின்றன. முதல் நொதியம் சீனியைக் கோர்ப்பதற்குத் தயார் செய்யும். அடுத்தது அதைச் சங்கிலியாகக் கோர்க்கும். மூன்றாவது கிளை வைக்கும். நான்காவது, தப்பான இடத்தில் முளைத்த கிளையை வெட்டிவிடும். இந்த வெட்டு நடக்காவிட்டால் சங்கிலிகள் ஒழுங்காக அடுங்காது. இறுகிய மாமணியும் உருவாகாது.

மாமணிக்குள் இரண்டு வகை மாப்பொருள் உண்டு. கிளை நிறைந்தது அமைலோபெக்டின். பெரும்பாலும் நீட்டாக இருப்பது அமைலோசு. அமைலோசைச் செய்யும் நொதியம் மாமணியோடேயே ஒட்டியிருக்கும். அது நன்றாக வேலை செய்தால் சோறு உதிரும். அது இல்லாத அரிசிதான் பசை போல ஒட்டும் அரிசி. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.ஜி. இனங்களில் அநேகமானவை அமைலோசு கூடியவை.

மணி முற்றும்போது கடும் வெக்கை அடித்தால் இந்த நொதியங்கள் தளர்ந்து விடும். மாமணிகள் நெருங்கி அடுங்காமல் இடையில் காற்று நிற்கும். அரிசியில் சுண்ணாம்பு போல வெள்ளை தெரியும்; மில்லில் நொறுங்கிக் குறுணலாகும். விவசாயிக்கு விலை போச்சு, நமக்குச் சோறு குழைஞ்சு போச்சு.

நம்ம தேயிலையும் இதே வேலைதான் செய்யுது. கவ்வாத்து வெட்டியபின் செடி துளிர்ப்பது வேரில் சேர்த்த மாப்பொருளால். அதனால்தான் வெட்டுமுன் வேரில் அயடின் விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமானால் மாப்பொருள் போதும் என்று அர்த்தம். அது குறைந்த செடியை வெட்டினால் பட்டுப்போகும்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை. அமைலோசு கூடிய அரிசி மெதுவாகச் செரிக்கும். இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறாது. சீனி வருத்தம் உள்ள பெரியவர்களுக்கு உதிரியான புழுங்கல் அரிசிச் சோறு நல்லது. அதற்காகத் தட்டை நிரப்ப வேண்டாம். சோற்றைக் குறைத்து, பருப்பும் கீரையும் கூட்டுங்கள். மருந்தை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.