கன்டெய்னருக்குள் சோதனை: அமைப்புகள் எந்த வாசல் வழியாக வருகின்றன?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைப் பற்றி நான் சேர்த்துவரும் குறிப்புகளைத் தேடுவதற்கு நோட் ஜேஎஸ்ஸில் ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறேன். ஊர்ப்பெயர், கல்வெட்டு இருக்குமிடம், நிகழ்ச்சி, தேதி, அவ்ளோதான். பின்னால் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். சோதனைகளை டாக்கர் கன்டெய்னருக்குள் ஜெஸ்ட் ஓட்டும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அட்டவணைகளைத் துடைத்துவிட்டு மாதிரித் தரவை நிரப்பும். எந்தத் தரவுத்தளத்தைத் துடைப்பது என்பதைச் சொல்வது ஒரே ஒரு அமைப்பு வரி. அது தப்பான இடத்திலிருந்து வந்தால் பல வருடக் குறிப்புகள் ஒரு நொடியில் காலி.

அந்த வரி வழக்கமாக ‘.என்வ்’ கோப்பில் இருக்கும். குழப்பம் என்னவென்றால், அந்தக் கோப்பை இரண்டு பேர் படிக்கிறார்கள். டாக்கர் கம்போஸ் அதைப் படிப்பது கம்போஸ் கோப்பில் விட்டிருக்கும் வெற்றிடங்களை நிரப்பத்தான். கன்டெய்னருக்குள் தானாக எதையும் அனுப்பாது. உள்ளே போக வேண்டுமானால் கம்போஸ் கோப்பில் ‘என்விரான்மென்ட்’ பகுதியிலோ ‘என்வ் ஃபைல்’ பகுதியிலோ சொல்ல வேண்டும். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் முதலாவதே ஜெயிக்கும்.

இன்னொருவர் டாட்என்வ் நூலகம். இது கன்டெய்னருக்குள் இருந்தபடி, நிரல் ஓடும் கோப்புறையில் ‘.என்வ்’ இருக்கிறதா என்று பார்க்கும். இமேஜ் கட்டும்போது கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் இந்தக் கோப்பும் கூடவே உள்ளே போய்விடும். ‘டாக்கர் இக்னோர்’ கோப்பில் அதன் பெயரைப் போட்டால் நகலாகாது. ஆனால் கோப்புறையையே வால்யூமாக மவுன்ட் செய்பவர்களுக்கு அந்தக் காவலும் கிடையாது.

டாட்என்வ் ஏற்கெனவே இருக்கும் மாறியைத் தொடாது. பஸ்ஸில் துண்டு போட்ட சீட் மாதிரி, முதலில் போட்டவருக்குத்தான் இடம். கம்போஸ் கொடுத்தது நிற்கும், விடுபட்டதை மட்டும் கோப்பு நிரப்பும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. கம்போஸில் மாறியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால்? டாட்என்வ் சத்தமில்லாமல் அசல் தரவுத்தளத்தின் முகவரியை எடுத்துக் கொடுத்துவிடும். சோதனையும் பச்சை காட்டும்!

அதனால் சோதனையில் டாட்என்வ் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. தேவையான மாறி இல்லையென்றால் அங்கேயே நிறுத்து. தரவுத்தளத்தின் பெயர் ‘டெஸ்ட்’ என்று முடியவில்லையென்றாலும் நிறுத்து. இந்தச் சரிபார்ப்பை ஜெஸ்ட்டின் ‘செட்டப் ஃபைல்ஸ்’ வழியாக ஓடவிடுங்கள். சோதனைக் கோப்புக்குள்ளேயே எழுதினால் மேலே உள்ள இம்போர்ட்டுகள் முந்திக்கொள்ளும், இணைப்பு திறந்த பிறகுதான் காவல்காரர் வருவார். ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற முகவரியும் இங்கே உதவாது. கன்டெய்னருக்குள் அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும்; தரவுத்தளத்துக்குக் கம்போஸில் வைத்த சர்வீஸ் பெயரைத்தான் தர வேண்டும்.

யாரும் அமைப்பாகவே நினைக்காத ஒன்று நேர மண்டலம். வில்லியனூரை அடுத்த கீழூரில் இந்தியாவுடன் இணைவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது 1954 அக்டோபர் 18. 178 பிரதிநிதிகளில் 170 பேர் ஆதரித்தார்கள். இந்தத் தேதியை ஆண்டு, மாதம், நாள் எனத் தனித்தனியாகக் கொடுத்து ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘டேட்’ பொருளாக்கினால், நம் ஊர் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ வடிவத்துக்கு மாற்றும்போது ஐந்தரை மணி நேரம் பின்னால் போய், முதல் பத்து எழுத்தை வெட்டினால் கிடைப்பது அக்டோபர் 17. நவம்பர் 1 விடுதலை நாளும் இப்படியே அக்டோபர் 31 ஆகிவிடும்; கொடியேற்றக் கூடியவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

மடிக்கணினி இந்திய நேரத்தில் இருப்பதால் அங்கே சோதனை தோற்கும். கன்டெய்னர் சாதாரணமாக யுடிசியில் இருப்பதால் உள்ளே தேறிவிடும். இதில் உண்மையைச் சொல்வது தோற்றதுதான். கம்போஸ் கோப்பில் ‘டிஇசட்’ மாறிக்கு ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்தால் உள்ளேயும் பிழை வெளிப்படும். வரலாற்றுத் தேதிகளை வெறும் எழுத்துச்சரமாகவே வைத்துக்கொள்வது நிரந்தரத் தீர்வு.

கடைசியாக, சுற்றுச்சூழல் மாறிகள் எல்லாமே எழுத்துச்சரங்கள். ‘ஃபால்ஸ்’ என்று எழுதி அனுப்பினாலும் ஜாவாஸ்கிரிப்ட் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி போட்டால் டாட்என்வ் அதை நீக்கிவிடும். ‘டாக்கர் ரன்’ கட்டளைக்கு அதே கோப்பைக் கொடுத்தால் குறியும் மதிப்போடு சேர்ந்தே உள்ளே வரும்.