மேக்ரோ விழுங்கிய பைட்

சீரியல் போர்ட்டில் வரும் தரவில் அவ்வப்போது ஒரு பைட் காணாமல் போகிறது. கேபிளை மாற்றியும் வேகத்தைக் குறைத்தும் பயனில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நிரலில் இருக்கும் மேக்ரோக்களை ஒருமுறை சந்தேகக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

சி மொழியில் ஃபங்க்‌ஷனுக்குக் கணக்கிட்டு முடித்த மதிப்பு போகிறது. மேக்ரோவுக்குப் போவது நாம் தட்டச்சு செய்த எழுத்து மட்டுமே. ப்ரீபிராசசர் அதை அப்படியே பிரதியெடுத்து ஒட்டிவிடும். 'அ * அ' என்று எழுதிய இருபடி மேக்ரோவுக்கு 3 + 1 கொடுத்தால் அது 3 + 1 * 3 + 1 என விரியும். 16 வரவேண்டிய இடத்தில் 7 வரும். ஆர்க்யுமென்ட் ஒவ்வொன்றுக்கும், மொத்தக் கோவைக்கும் அடைப்புக்குறி போட்டால் இது தீரும்.

அடைப்புக்குறிக்கும் அடங்காத பிழை ஒன்று உண்டு. இரண்டில் சிறியதைத் தரும் மேக்ரோவைப் பாருங்கள்: ((அ) < (ஆ) ? (அ) : (ஆ)). 'அ' இங்கே இரண்டு முறை வருகிறது. அது சாதாரண மாறி என்றால் கேடில்லை. சீரியல் போர்ட்டைக் கவனிக்கும் 16550 யுவார்ட் சிப்பின் தரவுப் பதிவேட்டைப் படிக்கும் கோவை என்றால்? அந்தச் சிப்பில் 16 பைட் கொள்ளும் வரிசை இருக்கிறது; படித்த உடனே முதல் பைட் வரிசையை விட்டுப் போய்விடும். மேக்ரோ ஒப்பிட ஒருமுறை படிக்கிறது, அதுவே சிறியது என்றால் விடை தர மறுபடி படிக்கிறது. ஒப்பிட்டது ஒரு பைட், கையில் கிடைப்பது அடுத்த பைட். இலக்கணப் பிழை இல்லாததால் கம்பைலர் இதை ஏற்றுக்கொள்ளும்.

இதைத் தவிர்க்க, சிறியதைத் தரும் லினக்ஸ் கெர்னலின் மேக்ரோ, ஆர்க்யுமென்டை முதலில் ஒரு தற்காலிக மாறியில் வாங்கிக்கொள்கிறது. அதிலும் ஒரு கண்ணி: மேக்ரோவுக்குள் அதே மேக்ரோவை அழைத்தால் இரண்டு தற்காலிக மாறிகளுக்கும் ஒரே பெயர் அமைந்து, மாறி தன்னையே தனக்கு மதிப்பாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறையும் புதுப் பெயர் உண்டாக்குகிறார்கள். வகைச் சோதனைகளும் சேர்ந்துகொள்ள, இந்த மேக்ரோக்கள் பெருத்துவிட்டன. 2024-இல் கெர்னலின் ஸென் மெய்நிகராக்கம் தொடர்பான கோப்பில் ஒரே ஒரு வரி 47 மெகாபைட்டாக விரிந்தது!

சந்தேகம் வந்தால் ப்ரீபிராசசரை மட்டும் ஓட்டி, விரிந்த நிரலைப் படியுங்கள். பிழை கண்ணுக்கு நேராகத் தெரியும். 1999-ஆம் ஆண்டின் தரத்திலிருந்தே இன்லைன் ஃபங்க்‌ஷன் சி மொழியில் இருக்கிறது. அதைக் கொண்டே முடிகிற வேலைக்கு மேக்ரோ எழுதாதீர்கள். கெர்னலின் நிரல் நடை வழிகாட்டியும் பொதுவாக அதையே பரிந்துரைக்கிறது.