மங்கிய மெழுகு மெருகும் சங்கத்து மேசையும்

சென்ற ஆண்டு நெய்வேலியை அடுத்த ஒரு சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தபோது, தீர்மானப் புத்தகத்தில் ஒரு வாசகம் கண்ணில் பட்டது. பழுதுபட்ட பலாமர மேசையையும் அலமாரியையும் ஏலத்தில் விற்றுவிட்டுப் புதியன வாங்குவதென நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது. மேசையைப் பார்த்தேன். கால்கள் ஆடவில்லை, இணைப்புகள் விடவில்லை, செல்லும் அரிக்கவில்லை. மேற்பலகை மட்டும் சாம்பல் பூத்து, கை வைத்தால் பிசுபிசுத்தது. அங்கத்தினர் பணத்தில் வாங்கிய நல்ல மரம், மேற்பூச்சின் குறையால் விறகு விலைக்குப் போக இருந்தது.

மங்கியது மரமன்று, அதன்மேல் படிந்த மெழுகே. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பழைய பூச்சை நீக்காமல் அதன்மேலேயே புதுப் பூச்சு பூசி வந்திருக்கிறார்கள். தேன்மெழுகு சுமார் 63 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும்; அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் தடித்த மெழுகு இளகினால் பறக்கும் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின், சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள இவ்வட்டாரத்தில் தூசிக்குப் பஞ்சமா? வேடிக்கை யாதெனில், ஜெர்மனியில் அதே பழுப்பு நிலக்கரியிலிருந்து ‘மாண்டன்’ என்னும் கடின மெழுகைப் பிரித்தெடுத்து மெருகுப் பூச்சுகளில் சேர்க்கிறார்கள்!

முதலில் பூச்சு மெழுகுதானா என்று சோதிக்க வேண்டும். மேசையின் மறைவான ஓரிடத்தில் டர்ப்பண்டைனில் நனைத்த துணியால் தேய்த்தால், மெழுகாயின் கரைந்து துணியில் அழுக்காக ஒட்டும். டர்ப்பண்டைனுக்கு அசையாமல் ஸ்பிரிட்டுக்கு மட்டும் இளகுமாயின் அது அரக்கு மெருகு. அதற்கு இம்முறை பொருந்தாது.

தூசியை முதலில் மென்மையாகத் தட்டித் துடைத்துவிட வேண்டும். சாம்பல் தூசியை அழுத்தித் தேய்த்தால் அது மணலைப்போல் பரப்பைக் கீறிவிடும். பிறகு டர்ப்பண்டைன் தோய்ந்த துணியால் மரத்தின் இழையோட்டத்தை ஒட்டித் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றிப் பழைய மெழுகை எடுக்க வேண்டும். துணியைப் பற்றி நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் தறியிலிருந்து இறங்கிய புதுத்துணியில் கஞ்சி இருக்கும், அது கீறும். பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியே உத்தமம். ஒருநாள் காய விடுக.

புதுப் பூச்சுக்கு அடுப்பு வேண்டுவதில்லை. டர்ப்பண்டைன் எளிதில் தீப்பற்றுமாதலால் அடுப்பை நாடாமலிருப்பதே நன்று. ஒரு பங்கு தேன்மெழுகைச் சீவி, இரண்டு மூன்று பங்கு டர்ப்பண்டைனில் இட்டு மூடி வைத்தால், இரண்டொரு நாளில் தானே கரைந்து களிம்பாகும். 80 டிகிரிக்கு மேல் உருகும் கார்னோபா மெழுகு கிடைத்தால் சிறிது சேர்க்கலாம், வெயிலுக்குத் தாங்கும். ஆனால் அது கடினமாதலால், வெந்நீர்ப் பாத்திரத்தில் தனியே உருக்கி, தீயை முற்றும் அணைத்த பிறகே கலக்க வேண்டும். களிம்பை மிக மெல்லியதாகப் பூசி, ஒரு மணி நேரம் விட்டு, உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டும். பளபளப்பைத் தருவது இந்தத் தேய்ப்பே, மெழுகின் அளவன்று. தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் அன்றைக்கு மினுக்கும். அவை உலர்வதில்லையாதலால் மறுவாரமே தூசி பிடிக்கும்.

டர்ப்பண்டைன் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்கலாகாது. வெளியே விரித்துக் காய வைக்க வேண்டும். நூலும் பாவும் உள்ள தறிக்கூடத்தில் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும்.

அந்த மேசைக்கு, காய்ந்த நேரம் நீங்கலாக, ஒன்றரை நாள் வேலை பிடித்தது. அடியில் பலாமரம் பழுத்த தேன் நிறத்தில் இருந்தது. தேநீர்க் குவளை பதித்த வெண்வளையம் ஒன்று மட்டும் முற்றும் போகவில்லை. அதன்மேல் இப்போது ரசீதுப் புத்தகம் இருக்கிறது. ஏலத் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் ரத்து செய்யப்பட்டது.