‘இதை எங்கே பார்த்துப் போட்டீர்கள்?’

லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் பஜ் பஜ் லோக்கல் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் டாலிகஞ்ச். இறங்கி வெளியே வந்தால் பக்கத்திலேயே ஒரு மெட்ரோ நிலையம். அதன் பெயர் டாலிகஞ்ச் இல்லை, ‘ரவீந்திர சரோபர்’. ஊரார் டாலிகஞ்ச் மெட்ரோ என்று சொல்லிப் பழகியது அதற்குத் தெற்கே இருக்கும் அடுத்த நிலையத்தை. அங்கே போனால் பலகையில் ‘மகாநாயக் உத்தம் குமார்’ என்று இருக்கும். மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது சூட்டிய பெயர். நிஜமான ரவீந்திர சரோபர், அதாவது ஏரி, மெட்ரோவுக்குக் கிழக்கே இருக்கிறது. ஏரிக்கும் லேக் கார்டன்ஸுக்கும் நடுவே தண்டவாளம் ஓடுகிறது.

கொல்கத்தாவுக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையன் இந்த இடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். டாலிகஞ்ச் ரயில் நிலையத்தை ஒட்டி ரவீந்திர சரோபர் மெட்ரோ. ‘யாரோ பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள்’ என்று நினைக்கிறான். கணக்குத் தொடங்கி, மெட்ரோவின் பெயரை டாலிகஞ்ச் என்று மாற்றிச் சேமித்துவிடுகிறான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், ஊருக்கு உபகாரம் செய்த திருப்தியோடு தூங்கப் போயிருப்பான்.

மறுநாள் அவனிடம் யார் என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் அந்த வரைபடத்துக்கு ஒரு ஆள் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இருக்கிறது.

2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் தெரு வரையலாம், கடை சேர்க்கலாம், பெயர் மாற்றலாம். முன் அனுமதி கிடையாது. சேமித்தால் சேமித்ததுதான், சில நிமிடங்களில் வரைபடம் மாறிவிடும். கூகுளும் 2008-ல் ‘மேப் மேக்கர்’ என்று இதேபோல ஒன்றைத் தொடங்கியது. அதில் புதியவர்களின் திருத்தங்களை வேறொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அப்படியும் 2015-ல் ராவல்பிண்டி அருகே ஆண்ட்ராய்டு பொம்மை ஆப்பிள் சின்னத்தின் மேல் சிறுநீர் கழிப்பதுபோல யாரோ வரைந்துவைக்க, உலகமே சிரித்தது. சேவையைச் சில காலம் நிறுத்திவைத்த கூகுள், 2017-ல் ஒரேயடியாக மூடிவிட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அன்றும் வாசலில் காவல் இல்லை, இன்றும் இல்லை. உள்ளே வந்தவரோடு பேசுவதுதான் அதன் காவல்.

கொல்கத்தா போன்ற ஊருக்கு இது கொஞ்சம் விசித்திரமான ஏற்பாடுதான். 1767-ல் ஜேம்ஸ் ரென்னல் வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல் ஆனதிலிருந்து வரைபடம் என்றால் அரசாங்கத்தின் சொத்து என்றே இந்த ஊர் பழகியிருக்கிறது. தேசிய அட்லஸ் நிறுவனம், 1956-ல் எஸ்.பி. சட்டர்ஜி தொடங்கிவைத்தது, இங்கேதான் இருக்கிறது. தனியார் வரைபடம் தயாரிப்பதற்கான கெடுபிடிகளை மத்திய அரசு பெருமளவு தளர்த்தியது 2021-ல்தான். ஆகவே ஒரு கல்லூரி மாணவர் தன் தெருவைத் தானே வரைகிறார் என்றால், ‘இதற்கு எனக்கு உரிமை உண்டா?’ என்ற கூச்சம் அவருக்குள் ஏற்கெனவே இருக்கும். அந்தக் கூச்சத்தின் மேல்தான் நம் முதல் வார்த்தை போய் விழுகிறது.

ஒருவர் ஒரே மூச்சில் செய்து சேமிக்கும் திருத்தங்களின் கட்டுக்கு மேப்பர்கள் மத்தியில் ‘சேஞ்ச்செட்’ என்று பெயர். 2014 முதல் ஒவ்வொரு சேஞ்ச்செட்டின் கீழும் பின்னூட்டம் எழுத வசதி இருக்கிறது. அதற்கு முன்பு தனிமடல்தான். பின்னூட்டம் எல்லாருக்கும் தெரியும். எழுதியவரே நினைத்தாலும் பிறகு திருத்த முடியாது. நமக்குக் கோபம் பத்து நிமிடத்தில் ஆறிவிடலாம், எழுதியது அங்கேயே கிடக்கும்.

அந்தப் பையனுக்கு வரக்கூடிய பின்னூட்டம் ஒன்று: “தவறான தகவல். ரிவர்ட் செய்யப்பட்டது. விக்கி பக்கத்தைப் படிக்கவும்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் யார் செய்தது, எது தவறு, எந்தப் பக்கம் என்று ஒன்றும் தெரியாது. நகராட்சி அலுவலகத்துச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

இன்னொன்று இப்படி: “வணக்கம், கொல்கத்தா மேப்புக்கு நல்வரவு. நீங்கள் டாலிகஞ்ச் என்று மாற்றிய மெட்ரோவைப் பற்றி ஒரு சந்தேகம். பலகையில் ரவீந்திர சரோபர் என்று பார்த்ததாக எனக்கு நினைவு. சமீபத்தில் மாற்றியிருக்கிறார்களா? நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? அங்கே ரயில் நிலையத்துக்கு ஒரு பெயர், மெட்ரோவுக்கு ஒரு பெயர். எல்லாரையும் குழப்பும் இடம் அது.” இதை எழுத இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

‘சமீபத்தில் மாற்றியிருக்கிறார்களா?’ என்று கேட்பதை வெறும் நாசூக்கு என்று நினைக்க வேண்டாம். உத்தம் குமார் விஷயத்தில் பெயர் நிஜமாகவே மாறியது. ஏரியின் வடகரையில் ஓடும் சதர்ன் அவென்யூவின் அதிகாரபூர்வப் பெயர் டாக்டர் மேகநாத் சாஹா சரணி. டாக்ஸிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். ஏரியே 1958 வரை டாக்குரியா ஏரியாகத்தான் இருந்தது. பெயர்கள் இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும் பேட்டையில், பெங்களூரில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவரைவிட அந்தத் தெருவில் காய்கறி வாங்குபவருக்கே கூடுதலாகத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. கேட்காமல் மாற்றினால் சரியானதைத் தவறாக்கிய பெருமையும் நமக்கே வந்து சேரலாம். பழைய பெயர், அதிகாரபூர்வப் பெயர், ஊர் வழக்குப் பெயர் மூன்றுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. சண்டை போடுகிற இரண்டு பேரும் சரியாகவே இருக்கலாம், இருவரும் ஒரே கட்டத்துக்குள் முண்டியடிப்பதுதான் தகராறு.

கடுமையான பின்னூட்டத்தையாவது மன்னித்துவிடலாம். என்னைக் கேட்டால், அதைவிட மோசம், ஒன்றும் சொல்லாமல் திருத்திவிட்டுப் போவது. பையன் இரண்டு வாரம் கழித்து வந்து பார்க்கிறான். தான் செய்தது காணாமல் போயிருக்கிறது. ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி மாற்றுகிறான். மறுபடி போய்விடுகிறது. மூன்றாம் முறை ஒன்று அவன் சண்டைக்காரனாகிவிடுவான், இல்லை வந்த வழியே போய்விடுவான். நம் ஊர்ப் பகுதிகளில் நடப்பது பெரும்பாலும் இந்த மௌனம்தான் என்பது என் எண்ணம். பத்து வேலைக்கு நடுவே திருத்துகிறோம், பேச நேரமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

விக்கிப்பீடியா இந்தப் பாடத்தைச் சற்று முன்பே கற்றது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தீவிரமாக எழுதுவோர் எண்ணிக்கை 2007 வாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியது. ஏன் என்று ஆரோன் ஹாஃபேக்கர் குழுவினர் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட கட்டுரை, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்கள் உடனுக்குடன் நீக்கப்படுவதையும், தானியங்கிக் கருவிகள் ஆளில்லாத குரலில் எச்சரிப்பதையும் முக்கியக் காரணங்களாகச் சுட்டியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு வைத்திருப்போர் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் ஒரு முறையாவது திருத்தம் செய்தவர்கள் ஒரு சிறு பங்குதான். அதிலும் பலர் ஒரே ஒரு முறை வந்து போனவர்கள்.

அக்டோபர் வாக்கில் கொல்கத்தாவில் இதற்கு ஒரு விசேஷ சோதனை வரும். துர்கா பூஜை. மூங்கில் கட்டித் துணி போர்த்தி, அரண்மனை போலவும் கோயில் போலவும் பந்தல்கள் எழும். பூஜைக்குப் பல வாரம் முன்பே தெருவை அடைத்துக்கொள்ளும். பூரித்துப்போன ஒருவர் அதைக் கோயில் என்றே குறித்துவிடலாம், பந்தலுக்காக அடைத்த தெருவை நிரந்தரமாக மூடிவிட்டதாகவும் போடலாம். தற்காலிகமானவற்றை வரைபடத்தில் சேர்ப்பதில்லை என்பது மேப்பர்களின் பொது வழக்கம். அதைச் சொல்லிப் பந்தலை நீக்கச் சொல்வது சரி. ஆனால் அத்தோடு நிறுத்தினால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. “பந்தல் பத்து நாளில் பிரிந்துவிடும், எடுத்துவிடலாமா? அதைப் போடுகிற பாடா கிளப்பின் கட்டடம் வருஷம் முழுக்க இருக்குமே, அது மேப்பில் இல்லை. உங்களுக்கு இடம் தெரிந்திருந்தால் சேருங்களேன்” என்று எழுதிப் பாருங்கள். பாடா என்றால் கொல்கத்தாவில் பேட்டை. ஒரு கேரம் போர்டு, ஒரு டிவி, ஒரு காளி படத்தோடு இயங்கும் அந்த கிளப்புகளை வானத்திலிருந்து எந்த செயற்கைக்கோளும் கண்டுபிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

எல்லாத் தவறையும் இப்படிக் காத்திருந்து பேச முடியாது. லேக் கார்டன்ஸ் மேம்பாலம் தண்டவாளத்துக்கு மேலே போகிறது. வரைபடத்தில் சாலையும் தண்டவாளமும் புள்ளிகளைக் கோத்த கோடுகள். புதிதாக வரைபவர் பாலத்தின் கோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளி வைத்துவிட்டால், கணினி அதை லெவல் கிராசிங் என்று படித்துக்கொள்ளும். கீழே போகும் தெருவோடு பொதுப்புள்ளி வைத்தால் இன்னும் வேடிக்கை: வழிகாட்டும் செயலி பாலத்தின் நடுவில் ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்று சொல்லும். சாலையைப் பாலத்தின் இரு முனைகளிலும் வெட்டி, நடுத்துண்டைப் பாலம் என்று குறித்து, ஓர் அடுக்கு மேலே ஏற்றி, பொதுப்புள்ளியைப் பிரித்துவிட வேண்டும். இதை உடனே நாமே சரிசெய்துவிட வேண்டியதுதான். செய்துவிட்டு, ‘நான் இதைத் தொட்டேன், காரணம் இது, எப்படிச் செய்தேன் என்று இந்த சேஞ்ச்செட்டில் பாருங்கள்’ என்று இரண்டு வரி. அடுத்த மேம்பாலத்தை அவரே சரியாகப் போட்டுவிடுவார். கட்டடத்தின் மூலை கோணலாக இருக்கிறது, டீக்கடையின் வகை தவறாக இருக்கிறது என்பதுபோன்ற சில்லறை விஷயங்களில் ஆளையே திருத்தச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். குடி முழுகிப் போகாது.

பாராட்டு பற்றியும் ஒரு வார்த்தை. குட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு ‘சூப்பர்’ வைக்க வேண்டும் என்று கார்ப்பரேட் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் அந்தத் தந்திரம் இப்போது தெரியும், முதல் ‘சூப்பர்’ வந்ததுமே குட்டு எங்கே என்று தலையைத் தடவிக்கொள்கிறார்கள். அதைவிட அவர் செய்ததில் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடலாம். ‘ஏரிப் பூங்காவின் வாசல்களைத் தனித்தனியாகக் குறித்திருக்கிறீர்கள், திறக்கும் நேரம் வரை போட்டிருக்கிறீர்கள்’ என்றால், இவர் நிஜமாகவே திறந்து பார்த்திருக்கிறார் என்று எதிராளிக்குப் புரியும்.

எந்த மொழியில் எழுதுவது? பயனர் பெயரைப் பார்த்து மொழியை ஊகிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. ஏரிக்கு அந்தப் பக்கம், லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், பெயர் சுப்பிரமணியன் என்று இருக்கும், பேச்சு வங்காளத்தில் சரளமாக ஓடும், தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கத்தான் வரும். எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி, முடிந்தால் வங்காளத்தில் ஒரு வரி, பதில் எந்த மொழியில் வருகிறதோ அதில் தொடர்வது என்பது பாதுகாப்பான வழி. வங்காளத்தில் எழுதினால் மரியாதையான ‘ஆப்னி’தான், உரிமையோடு அழைக்கும் ‘துமி’ வேண்டாம். பதினாறு வயதுப் பையன் என்று நினைத்து எழுதுவோம், அங்கே ஓய்வுபெற்ற சர்வே அதிகாரி உட்கார்ந்திருப்பார்.

சம்பளத்துக்குத் திருத்துகிறவர்கள் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் சிக்கலாகிவிட்டது. வாடகை வண்டிச் செயலி நடத்தும் கிராப் நிறுவனம் தன் வரைபடக் குழுவைக் கொண்டு தாய்லாந்துச் சாலைகளைத் திருத்தத் தொடங்கியபோது அங்கே பல வருஷமாக வரைந்துவந்த தன்னார்வலர்கள் கொதித்துப்போனார்கள். தூரத்தில் இருப்பவர் படத்தைப் பார்த்து வரைவதற்கும், அந்த ஊர்க்காரர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து வரைந்ததற்கும் நடந்த மோதல் அது. 2018-ல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை, குழுவாகத் திருத்துவோருக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. யார், எதற்காகத் திருத்துகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பின்னூட்டம் வந்தால் பதில் தர வேண்டும் என்பது அதன் சாரம். தன்னார்வலர் பதில் சொல்லாவிட்டால் வேலை இருந்திருக்கும் என்று விடலாம். சம்பளக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பதிலே வராமல் போவதற்குப் பல நேரம் திமிர் காரணமாக இருப்பதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்கும் மேப்ஸ்.மீ செயலி 2016-ல் திருத்தும் வசதியைக் கொடுத்தபோது, தன் கைபேசியில் தனக்கு மட்டும் குறித்துக்கொள்வதாக நினைத்துப் பலர் ‘என் வீடு’, ‘மாமா கடை’ என்றெல்லாம் உலக வரைபடத்தில் ஏற்றிவைத்தார்கள். பின்னூட்டம் மின்னஞ்சலில் போகும், கணக்குத் தொடங்கியபோது கொடுத்த முகவரியை அவர்கள் திறந்தே பார்ப்பதில்லை. 2017 கடைசியில் போக்கிமான் கோ என்ற கைபேசி விளையாட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறியதும் இன்னொரு கூட்டம் வந்தது. வீட்டு வாசலிலேயே போக்கிமான் கிடைக்கட்டும் என்று இல்லாத பூங்காக்களை வரைந்தார்கள். பூங்காவை நீக்கத்தான் வேண்டும். ஆனாலும் திருடனைப் பிடித்த குரலில் எழுதத் தேவையில்லை. வரையும் கருவியைக் கற்றுக்கொண்டுவிட்ட ஆள், தெருவில் நடக்கிற ஆள். மேப்பருக்கு வேண்டிய லட்சணம் இரண்டும் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு வாரம் காத்திருந்து, மறுபடி ஒரு முறை கேட்டு, அப்படியும் பதில் இல்லாமல் அதே திருத்தம் தொடர்ந்தால், தகவல் பணிக்குழு என்ற தன்னார்வலர் குழுவிடம் முறையிடலாம். அவர்கள் கையில் வினோதமான ஒரு தண்டனை இருக்கிறது. தடை உண்டு, அதன் நீளம் பூஜ்ய மணி நேரம். தடைபட்டவர் அடுத்த முறை திருத்தப் போகும்போது கருவி மறுத்துவிடும், தளத்துக்குள் வந்து ஒரு செய்தியைப் படிக்கச் சொல்லும். படித்தால் தடை அந்த நிமிடமே நீங்கிவிடும், விட்ட இடத்திலிருந்து அவர் வரையத் தொடங்கலாம்.