தலையில் கரண்ட் வேண்டாம், ஹெட்போன் போதும்

முசிறியில் எங்கள் தெருவில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் சமீபத்தில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பத்தே நாளில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு நீச்சல் கண்ணாடி, நான்கு எல்.இ.டி. விளக்குகள், ஹெட்போன், ஒன்பது வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு ஸ்பான்ஜ்.

"அண்ணே, இதையெல்லாம் கம்ப்யூட்டரோட சேர்த்துக் கொடுங்க. படிச்சது மறக்காம நிக்குமாம்."

அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்கு இந்த ஆசை வருகிறது.

நம் மூளையில் எப்போதும் மெல்லிய மின் அலைகள் ஓடுகின்றன. 1924-ல் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் இதை முதன்முதலில் மனிதரிடம் பதிவு செய்தார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது விநாடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் அலைக்கு ஆல்பா என்று பெயர். வெளியிலிருந்து அதே வேகத்தில் ஒளியோ ஒலியோ கொடுத்தால் மூளையும் அந்தத் தாளத்துக்கு வந்துவிடும் என்ற எண்ணத்தில் பிறந்தவைதான் 'மைண்ட் மெஷின்' எனப்படும் கருவிகள்.

ஒளியின் விளைவு உண்மையானது. மார்கழி, தை மாத மாலையில் திருச்சியிலிருந்து முசிறிக்கு வரும் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள். காவிரிக்கரைத் தென்னைகளுக்கு இடையே வெயில் விட்டுவிட்டு அடிக்கும்போது மூடிய கண்ணுக்குள் வண்ணக் கோலங்கள் ஓடும். 1958-ல் பிரான்ஸில் இதே போன்ற ஒரு பஸ் பயணத்தில்தான் ஓவியர் பிரயன் கைசினுக்கு 'ட்ரீம் மெஷின்' என்ற சுழலும் விளக்கைச் செய்யும் யோசனை வந்தது.

ஆனால் அதே ஒளி சிலருக்கு வலிப்பை வரவழைக்கும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 முறை மாறி மாறி மின்னின. 685 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் குழந்தைகள். விநாடிக்கு 15 முதல் 20 முறை மின்னுவது இன்னும் மோசம். நம் தம்பி கண்ணாடிக்குள் விளக்கை வைக்கப்போவது கண்ணிலிருந்து இரண்டு விரல்கடை தூரத்தில்!

"தம்பி, உங்க வீட்டுல யாருக்காவது வலிப்பு வந்ததுண்டா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தங்கச்சிக்கு உண்டுண்ணே. ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் படிக்கிறோம்" என்றார். கண்ணாடியை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

ஒலியில் இந்தப் பயம் இல்லை. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஜெனரேட் மெனுவில் டோன் கிளிக் செய்து 200 ஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக், இன்னொரு மோனோ டிராக்கில் 210 ஹெர்ட்ஸ் உருவாக்குங்கள். முதலாவதை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளிவிட்டு, சத்தத்தைக் குறைத்து ஹெட்போனில் கேளுங்கள். எந்தக் காதிலும் இல்லாத ஒரு படபடப்பு விநாடிக்கு 10 முறை நடுத்தலையில் கேட்கும். இரண்டு காதின் ஒலியும் மூளைத்தண்டில் சந்திக்கும்போது பிறப்பது அது. இதற்கு 'பைனாரல் பீட்' என்று பெயர். ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் காற்றிலேயே கலந்துவிடும், பைனாரல் ஆகாது. ஞாபகசக்தி கூடுமா? ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. கேட்க வேடிக்கையாக இருக்கும், அவ்வளவுதான் என் அனுபவம்.

இனி பேட்டரி, ஸ்பான்ஜ் விஷயம். மண்டையோட்டின் மேல் உப்புநீரில் நனைத்த ஸ்பான்ஜ் வைத்து 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் நேர்மின்சாரம் செலுத்தும் முறைக்கு 'டி.டி.சி.எஸ்.' என்று பெயர். இது போலி வைத்தியமல்ல. ஸ்கிசோப்ரினியா நோயாளிகளுக்குக் காதில் குரல் கேட்கும் தொல்லையைக் குறைக்க பெங்களூரு நிம்ஹான்ஸ் டாக்டர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். காதுமடலில் கிளிப் மாட்டி இன்னும் குறைந்த கரண்ட் தரும் 'சி.இ.எஸ்.' முறையும் உண்டு. இதையும் ஒளி, ஒலியையும் ஒரே பெட்டியில் சேர்த்து, கனடாவின் மைண்ட் அலைவ் நிறுவனம் 'டேவிட் டிலைட் ப்ரோ' என்ற கருவியை விற்றது. தம்பி செய்ய நினைத்தது அதன் முசிறி பதிப்பு!

வீட்டிலேயே கரண்ட் வைத்துக்கொள்பவர்களுக்கு 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். கரண்ட் நாம் நினைத்த இடத்தில் மட்டும் நிற்காது, ஒரு திறமை கூடும்போது இன்னொன்று குறையலாம் என்பது அதன் சாரம். பரீட்சைக்குப் படிப்பவருக்கு இந்த பேரம் தேவையா?

எனக்கு அதைவிடப் பெரிய கவலை கம்ப்யூட்டரைப் பற்றித்தான். பேட்டரி பலவீனமானது என்பதால் யு.எஸ்.பி.யிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று தம்பி யோசித்திருந்தார். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பதை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கேபினெட்டுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி நிற்கும். இத்தகைய கருவிகளில் 3.5 மில்லி ஆம்பியர் வரை கசிவைப் பாதுகாப்பு விதிகளே அனுமதிக்கின்றன, எர்த் உண்டு என்ற நம்பிக்கையில். டாக்டர் அளந்து தருவது 2 மில்லி ஆம்பியர் என்பதை நினைத்துப் பாருங்கள். யு.எஸ்.பி.யின் கிரவுண்டும் ஹெட்போன் ஜாக்கின் கிரவுண்டும் கேபினெட்டோடு சேர்ந்தவை. உலர்ந்த விரலில் சுருக்கென்று அடிப்பது, உப்புநீர் ஸ்பான்ஜ் வழியாக நெற்றிப்பொட்டில் இறங்கினால்?

தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று பின் பிளக்கில் மேல் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகியிருந்தார்கள். டெஸ்டரை கேபினெட்டில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. தங்கச்சியின் நாற்காலி அதை ஒட்டித்தான் கிடந்தது.

மறுநாள் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போட்டுப் புது பிளக் மாட்டினோம். கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். ஹெட்போன் மட்டும் தம்பியிடம் இருக்கிறது. ஸ்பான்ஜ் சமையலறைக்குப் போய்விட்டது.