பழைய கணினியும் புதிய கணினியும் பேசிக்கொள்ளுமா?

அப்பாவின் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் பல்லாண்டுக் குடும்பப் படங்கள். மகனின் புதிய கணினிக்கோ அது கண்ணில் படுவதே இல்லை. கம்பியில் கோளாறில்லை. எக்ஸ்பி ஹோம் பதிப்பின் பணிக்குழுப் பெயர் 'எம்எஸ்ஹோம்'. விஸ்டா தொட்டு 'ஒர்க்குரூப்'. இதை மாற்றுவது எளிது. ஆனாலும் சிக்கல் தீராது.

எக்ஸ்பி அறிந்த கோப்புப் பகிர்வு முறை 'எஸ்எம்பி 1' மட்டுமே. 2017 மே மாதம் 'வான்னாகிரை' நச்சுநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் அது இடம்பெறுவதில்லை. தேடிப்பிடித்து மீண்டும் இயக்கலாம்தான். சில படங்களுக்காக வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதா? பென் டிரைவில் நகலெடுப்பதே மேல்.

அச்சுப்பொறிக்கு இத்தனை பாடில்லை. வலையிணைப்பு வசதி இருந்தால் நேரே ரவுட்டரில் இணைத்துவிடலாம். அந்தந்தக் கணினிக்குரிய இயக்கி மென்பொருள் கிடைத்தால் இரண்டுமே அச்சிடும்.